மீதி ஏழு

காலை ஒன்பதுக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டால்
மதியம் இரண்டு வரை
பேருந்துக்கும் எனக்கும் வேலை இல்லை.
சம்பளமும் இல்லை.
அந்த ஐந்து மணி நேரத்தை
டுலூத் நகர நூலகத்தில்
வெப்பக் குழாய்க்குப் பக்கத்து மேசையில் கழிக்கிறேன்.
ஏரிக்காற்று எட்டாத ஒரே நாற்காலி அது.

தொடங்கிவைத்தவன் ஓட்டிஸ்.
மூன்றாம் வகுப்பு. எனக்கு நேர் பின்னிருக்கை.
"ஹார்லோ தெருன்னா, ஹார்லோ யாரு?"
பதினோரு வருடமாக
நாளுக்கு நான்கு முறை அந்தத் தெருவில் திரும்புகிறேன்.
தெரியாது என்றேன்.
கேட்ட சாமான் கடையில் இல்லை என்றதும்
படியிறங்கிப் போகிறவர்போல
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வரலாற்றில் பட்டமா? நாற்பத்து நான்கு வயதிலா?
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், வெர்னா?"
அண்ணன் ஆர்வோ கேட்கிறான்.
அவனுடைய பனிவண்டி
வருடத்தில் எட்டு மாதம் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது.
அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மேட்டின்மேல் தனியார் கல்லூரி.
வழவழத்தாளில் செங்கல் கோபுரம்,
புல்வெளியில் சிரிக்கும் நான்கு பேர்.
கட்டணம் யானை விலை, குதிரை விலை.
அரசுப் பல்கலைக்கழகத்தில் யானை இல்லை,
குதிரை விலை மட்டும்.
இணையவழிக் கல்லூரி ஒன்று மலிவு என்றார்கள்.
தொலைபேசியில் பேசிய பையன்
நாலு நிமிடத்தில் பதினேழு முறை என் பெயரைச் சொன்னான்.
அங்கீகாரம் உண்டா என்றேன்.
பதினெட்டாம் முறை சொன்னான்.

மின்கட்டண உறையின் முதுகில் கணக்கு.
இரண்டு வருடம் சமுதாயக் கல்லூரி, பிறகு மாறிக்கொள்ளலாம்.
இருபது வயதில் பாதியில் விட்ட ஆறு பாடங்களில்
நான்கு இன்னும் செல்லுமாம்.
(செல்லாத ஒன்று, விந்தையாக,
தனிநபர் நிதி மேலாண்மை.)
கிரெடிட் விலையை நூற்றிருபதால் பெருக்கி,
கழித்து, வகுத்து,
டயருக்கு வைத்திருந்ததைச் சேர்த்து,
மறுபடி கழித்து.
உறையில் இடம் தீர்ந்தது.

நூலகர் ஓஸ்ட்பி அம்மாளிடம்
அரசுக் கல்லூரியின் கையேடு கேட்டேன்.
காது மந்தமோ, குறும்போ,
அறுபத்தொன்றாம் வருடத்துப் பிரதியைக் கொண்டுவந்து வைத்தார்.
பிரித்தேன்.
ஒரு முழு வருடக் கட்டணம்
இன்றைக்கு இரண்டு பாடப்புத்தகம் வாங்கப் போதாது.

ஓரத்தில் பென்சிலால் யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.
அறை வாடகை. குளிர்காலச் செருப்பு. பல் மருத்துவர்.
கீழே கோடிழுத்து:
மீதி ஏழு.
ஏழுக்குப் பக்கத்தில்
அழுத்தி அழுத்தித் தாளைக் கிழித்த ஒரு கேள்விக்குறி.

சேர்ந்தாரா? சேரவில்லையா?
ஆணா பெண்ணா?
அந்தச் செருப்பை வாங்கினாரா?

அடுத்த வருடத்துக் கையேடு கேட்டேன்.
அதற்கடுத்தது. அதற்கடுத்தது.
மேசையில் இருபது வருடம் அடுக்கியாகிவிட்டது.
ஓரிடத்தில்
முன்னறிவிப்பு இல்லாமல்
படியில்லாத இடத்தில் கால் வைத்ததுபோல்
தொகை எகிறியது.
யார் கையெழுத்து?
எந்தக் கூட்டம், எந்தக் கிழமை,
எதிர்த்துக் கை தூக்கியவர் எவரேனும் உண்டா?
குழுவின் குறிப்பேடுகள் கீழ்த்தளத்தில் என்றார் ஓஸ்ட்பி அம்மாள்.
இறங்கினேன்.
தூசி, தும்மல், இரண்டாம் பெட்டி, மூன்றாம் பெட்டி.

பதினோரு வருடத்தில் முதல்முறை
நாலு நிமிடம் தாமதமாக
பள்ளி வாசலில் பேருந்தை நிறுத்தினேன்.
ஓட்டிஸ் கடைசியாக ஏறினான்,
ஒரு கையுறைதான் இருந்தது.

"ஹார்லோவைக் கண்டுபிடிச்சீங்களா?"

"இல்லை. வேறொருத்தரைத் தேடப் போயிட்டேன்."

"யாரை?"

"பேர் தெரியாது. ஏழு டாலர் வச்சிருந்தாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தான்.
"எங்கிட்ட ரெண்டு இருக்கு" என்றான்.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
இரண்டு பாடம் மட்டும், இந்தப் பருவத்துக்கு.
டயர் இன்னொரு குளிர்காலம் தாங்கும்,
தாங்க வேண்டும்.
இண்டிகேட்டரைப் போட்டேன்.
ஹார்லோ தெருவில் திரும்பினோம்.